சாவகாசமாக ஒரு சீமைப் பயணம்

"பன்னிரண்டு நாளில் பத்துத் தேசங்கள்!" என்று கொட்டை எழுத்தில் விளம்பரங்கள் வருகின்றனவே, நீங்களும் பார்த்திருப்பீர்கள். சற்றே கணக்குப் போட்டுப் பாருங்கள். விமானத்தில் போக வர இரண்டு நாளைக் கழித்துவிட்டால், தேசத்துக்கு ஒரு நாள்! காலை ஆறு மணிக்கு எழுப்பிவிடுவார்கள். ஆறரைக்குப் பெட்டி அறைவாசலில் இருக்க வேண்டும். ஏழரைக்குப் பஸ். "இடது பக்கம் பாருங்கள், மாதா கோவில், வலது பக்கம் பாருங்கள், அரண்மனை" என்று கழுத்து வலிக்கும் வரையில் பார்த்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு வேறொரு ஊரில் போய் விழ வேண்டும். ஊர் திரும்பிய பிறகு படங்களை எடுத்துப் பார்த்து, "இது வியன்னாதானே?" என்று மனைவி கேட்க, "இல்லை, பிராக்" என்று கணவர் சாதிக்க, கடைசியில் மூன்றாவது மனிதரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அப்படிப்பட்ட பிரயாணங்களை நான் குறை சொல்ல வரவில்லை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், தனியாகப் போகத் தயங்குகிறவர்களுக்கும் அது பெரிய சௌகரியம். ஆனால் ஆயுள் முழுவதும் கடிகாரத்துக்கு ஊழியம் செய்துவிட்ட தம்பதிகளுக்கு அது உல்லாசப் பிரயாணம் அல்ல, இன்னொரு ஷிப்ட்!

ஷிப்ட் என்ற சொல்லைக் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சென்னையிலிருந்து வடக்கே போகும் மின்சார ரயிலில் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி எல்லாம் தாண்டிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கினால், சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளும் புகைபோக்கிகளும் கண்ணுக்குத் தெரியும். இரும்பு உருக்கும் உலை ராத்திரி என்று தூங்குமா? ஆகவே, உலையோடு ஆண்களும் தூங்குவதில்லை. என் கணவர் முப்பது வருஷம் அங்கேதான் வேலை பார்த்தார். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. இரவு ஷிப்ட் முடிந்து அவர் படி ஏறும் நேரத்தில், நான் பள்ளிக்கூடத்துக்குக் குடையை எடுத்துக்கொண்டு படி இறங்குவேன். "சாம்பார் மூடி வைத்திருக்கிறேன்." "சரி." சில நாட்களில் எங்கள் சம்பாஷணை அவ்வளவுதான். பகலில் அவர் தூங்குவதற்காக ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. குழந்தைகள் கூடப் பூனை போல நடக்கப் பழகிக்கொண்டார்கள்.

இவர் ஓய்வு பெற்றதும் பணம் கொஞ்சம் கைக்கு வந்தது. அதற்குத்தான் எத்தனை பேர் யோசனை சொன்னார்கள்! மனை வாங்கச் சொன்னார் ஒருவர், மாடி கட்டச் சொன்னார் இன்னொருவர். வைத்தியச் செலவுக்கென்று ஒரு பகுதியைத் தொடாமல் எடுத்து வைத்தோம். பெண்ணுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தோம். மிச்சத்தில் ஒரு பங்கைக் காட்டி, "இதில் நாம் இருவரும் எங்கேயாவது போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வரலாம்" என்றேன். "எங்கே?" என்றார். "ஹாலந்துக்கு" என்றேன்.

ஏன் ஹாலந்து என்று நீங்களும் கேட்கலாம். பொன்னேரியிலிருந்து பஸ் ஏறிப் பழவேற்காட்டில் போய் இறங்குங்கள், விடை கிடைக்கும். திருவள்ளூர் மாவட்டத்துக் கடற்கரையில் உள்ள அந்த மீனவர் ஊர், ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையிலேயே டச்சுக்காரர்களின் தலைமை இடம். 1613-ல் அங்கே அவர்கள் கட்டிய கோட்டைக்குத் தங்கள் நாட்டுக் கெல்டர்லாந்து மாகாணத்தின் நினைவாகக் கெல்டிரியா என்று பெயர் வைத்தார்கள். 1690-ல் தலைமை இடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1825-ல் ஊர் இங்கிலீஷ்காரர் வசம் போயிற்று. கோட்டை இருந்த இடத்தில் இப்போது முட்புதர்தான். ஆனால் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் உங்களை வரவேற்கும். (பயப்படாதீர்கள், அதைப் போல் அழகான வேலைப்பாடு சுற்று வட்டாரத்தில் இல்லை.) உள்ளே நீண்ட கற்பலகைகளில் டச்சு எழுத்துக்கள், குடும்பச் சின்னங்கள். கடல் கடந்து வந்து, எங்கள் ஊர்க் காய்ச்சலில் மாண்டவர்கள்.

அவர்கள் எதற்காக வந்தார்கள்? துணிக்காக. பழவேற்காட்டுக் கட்டம் போட்ட கைக்குட்டைகள் அயல்நாடுகளில் அந்த ஊர்ப் பெயராலேயே விலை போயின. சாயம் போகாத சீட்டித் துணிகள் கப்பல் கப்பலாக ஏறின. துணியோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பஞ்ச காலங்களில் வயிற்றுக்கு இல்லாமல் விற்கப்பட்ட ஆயிரக்கணக்கான நம் ஜனங்களும் இந்தக் கரையிலிருந்து அடிமைகளாகப் பட்டேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றப்பட்டார்கள். அவர்களுக்குக் கல்லறை இல்லை.

நீங்கள் ஹாலந்து போவதாக இருந்தால், முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குப் போய் வாருங்கள். சீமைப் பயணத்துக்கு அது நல்ல ஒத்திகை. வெயிலில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, யாருக்கு முழங்கால் முதலில் வலிக்கிறது, பசி வந்தால் யாருக்குக் கோபம் வருகிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். திரும்பும்போது அந்த ஊர்ப் பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டி ஒன்று வாங்கி வாருங்கள். பிரயாணத்தில் மருந்துகளை வைத்துக்கொள்ள அதைவிட நல்ல பெட்டி எனக்குக் கிடைக்கவில்லை.

இனி ஏற்பாடுகள். ஐரோப்பாவில் 29 தேசங்களுக்கு ஷெங்கன் விசா என்று ஒரே விசா. எந்தத் தேசத்தில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்தத் தேசத்துக்குத்தான் மனுப் போட வேண்டும். சாவகாசமாகப் போகிறவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை, பாருங்கள்! பிரயாணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனுப் போடலாம். கோடை காலத்தில் கூட்டம் அதிகமாதலால் கடைசி மாதம் வரையில் காத்திருக்க வேண்டாம். பெரியவர்களுக்குக் கட்டணம் தலைக்கு 90 யூரோ. விசா கிடைக்காவிட்டாலும் திரும்பி வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு வைத்திய இன்ஷூரன்ஸ் எடுத்தாக வேண்டும். பாஸ்போர்ட் ஊர் திரும்பும் தேதிக்கு அப்பாலும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். கைரேகை கொடுக்கச் சென்னையில் உள்ள விண்ணப்ப நிலையத்துக்கு இருவரும் நேரில் போக வேண்டும்.

நம்மவர்களுக்கு இதில் வரும் தொல்லை இனிஷியல்! பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பாங்குப் புத்தகத்தில் ஒரு மாதிரி, கல்யாண சர்ட்டிபிகேட்டில் வேறு மாதிரி இருந்தால், கணவனும் மனைவியும்தான் என்று நிரூபிப்பதற்குள் வேர்த்துவிடும். அதை ஆறு மாதம் முன்பே சரிபார்த்துவிடுங்கள்.

எப்போது போவது? டூலிப் பூக்கள் ஏப்ரலில். அப்போது கூட்டமும் அதிகம், குளிரும் விடாது. என்னைக் கேட்டால், இங்கே அக்கினி நட்சத்திரம் கொளுத்திவிட்டுப் போன பிறகு, ஜூன் மாதத்தில் போங்கள். அங்கே இரவு பத்து மணி வரையில் சூரிய வெளிச்சம்! ஒரு நாளில் இரண்டு நாள் கிடைத்தது போல் இருக்கும், அவசரப்படவே தோன்றாது.

இறங்குவது ஓர் ஊர், விமானம் ஏறுவது வேறோர் ஊர் என்று டிக்கெட் வாங்கினால், வந்த வழியே திரும்பும் அலைச்சல் இல்லை. நாங்கள் பாரிஸில் இறங்கி ஆம்ஸ்டர்டாமில் ஏறினோம். மூன்று வாரத்துக்கு மூன்றே இடங்கள். ஓட்டல் அறையைவிடச் சமையல் மேடையோடு கூடிய சிறு வீடாக எடுப்பது நல்லது. ஒரு விஷயம்: ஹாலந்தின் பழைய வீடுகளில் மாடிப்படி ஏணி போலச் செங்குத்தாக இருக்கும். மேஜை நாற்காலிகளையே படி வழியாகக் கொண்டுபோக முடியாமல், உத்தரத்தில் கொக்கி மாட்டி வெளிப்புறமாகக் கயிறு கட்டித்தான் தூக்குகிறார்கள். நம்மை அப்படித் தூக்க மாட்டார்கள்! ஆகவே தரைத்தளமா, லிப்ட் உண்டா என்று எழுதிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பெட்டியில் என்ன வைப்பது என்பது நம் இலாகா. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், கொஞ்சம் அரிசி போதும். நெய் கூடாது. பால், இறைச்சிப் பொருள்களை வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாதென்று ஐரோப்பிய யூனியனில் சட்டம். வெண்ணெய்க்கு ஹாலந்தில் பஞ்சமா? அங்கேயே வாங்கிக் காய்ச்சிக்கொள்ளலாம். நான் காய்ச்சிய அன்று பக்கத்து வீட்டு அம்மாள் என்ன வாசனை என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

பாரிஸைப் பற்றி நூறு பேர் எழுதியிருக்கிறார்கள். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். லூவர் கண்காட்சி செவ்வாய்க்கிழமை கிடையாது. லக்ஸம்பர்க் தோட்டத்தில் பச்சை நிற இரும்பு நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். காசு இல்லை, எழுந்திரு என்று சொல்வாரும் இல்லை. வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷாப்பல் என்ற இடத்தில் இலங்கைத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முருங்கைக்காய் முதல் மல்லிகைச் சரம் வரையில் கிடைக்கும். யுத்தத்தில் ஊரை இழந்து வந்து, குளிர் தேசத்தில் கடை வைத்து, பிள்ளையாருக்குக் கோவிலும் எழுப்பி, வருஷந்தோறும் தேர் இழுக்கிறார்கள். அங்கே இடியாப்பம் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது, ஐபில் கோபுரத்தை விட்டுவிட்டோமே என்ற எண்ணமே எங்களுக்கு வரவில்லை.

பாரிஸிலிருந்து ராட்டர்டாமுக்கு ரயிலில் மூன்று மணிக்கும் குறைவு. அங்கிருந்து கால் மணி நேரத்தில் டெல்ஃப்ட். இந்தச் சிறு ஊரில்தான் நாங்கள் பத்து நாள் தங்கினோம். தெருவுக்குத் தெரு வாய்க்கால். வாய்க்காலுக்கு வாய்க்கால் வளைந்த பாலம். பாலத்துக்குப் பாலம் சைக்கிள்! நடக்கும்போது செந்நிறமாகத் தெரியும் பாதையில் காலை வைத்துவிடாதீர்கள். அது சைக்கிள்களின் ராஜபாட்டை. வியாழக்கிழமை தோறும் பெரிய கோவிலுக்கு முன்னால் சந்தை கூடும். இரண்டாவது வியாழக்கிழமை போனபோது பாலாடைக்கட்டிக் கடைக்காரர் எங்களை அடையாளம் கண்டுகொண்டு, கேட்காமலே ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். பத்துத் தேசம் பார்ப்பவர்களுக்கு இரண்டாவது வியாழக்கிழமை ஏது?

ரயில்களும் அப்படித்தான், முன்பதிவு இல்லை. நம் பாங்குக் கார்டையே வாசலில் உள்ள கருவியில் ஒருமுறை தொட்டு ஏறலாம். இறங்கும்போது மறுபடியும் தொட வேண்டும். மறந்தால் கூடுதலாகப் பணம் பிடித்துக்கொள்வார்கள். ஒரு நாள் லெய்டன் போனோம். ஆனைமங்கலத்தைத் தானமாகக் கொடுத்த சோழர் செப்பேடுகளை லெய்டன் செப்பேடுகள் என்று சொல்கிறோமே, அந்தப் பெயருக்குக் காரணமான பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. ஒரு நாள் ஹேக் நகரத்தில், சூரினாம் தேசத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் ரொட்டிக்கடை. 1873 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போன வட இந்தியர்களின் சந்ததியார் அவர்கள். பருப்பை அரைத்து உள்ளே வைத்த ரொட்டி நம் நாக்குக்குப் புதிதே அல்ல. மற்ற நாட்களில்? ஒன்றும் செய்யவில்லை! காலையில் காப்பி போட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து குடித்தோம். இவர் வாய்க்காலில் போகும் வாத்துக்களை எண்ணினார்.

ஓர் இரவு ஒன்பதரை மணி இருக்கும். வாய்க்கால் கரைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வெயில் பொன் போல் அடித்துக்கொண்டிருந்தது.

"இந்த நேரத்தில் நான் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பேன்" என்றார் இவர்.

"நான் உங்கள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருப்பேன்" என்றேன்.

"பெரியவனுக்கு அம்மை போட்டிருந்தபோது கூட நான் இரவு ஷிப்ட் போனேன், இல்லையா? அந்த ராத்திரிகளில் நீ என்ன செய்தாய்?"

இருபத்தைந்து வருஷத்துக்கு முந்திய விஷயம். அவர் கேட்டதும் இல்லை. நான் சொன்னதும் இல்லை. அன்று சொன்னேன். வேப்பிலைக் கொத்தோடு விடிய விடிய உட்கார்ந்திருந்ததை, பயத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டியை எழுப்பியதை, காலையில் அவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றுமே சொல்லத் தோன்றாமல் காப்பி போடப் போனதை. அவர் உலைக்கு முன்னால் நின்றுகொண்டு மணியைப் பார்த்துப் பார்த்துத் தவித்ததைச் சொன்னார். இருட்டுவதற்குப் பதினொரு மணி ஆகிவிட்டது. இதற்காக ஹாலந்து போக வேண்டுமா, வீட்டுத் திண்ணை போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். திண்ணையில் உட்கார்ந்தால் பால்காரர் வருவார், டெலிபோன் அடிக்கும், மாமியாருக்கு மாத்திரை நேரம் வந்துவிடும். எங்களுக்குத் திண்ணை போதவில்லை.

கடைசி வாரத்துக்கு வடக்கே என்க்ஹைசன் என்ற துறைமுகத்துக்குப் போனோம். டெல்ஃப்டைப் போலவே இதுவும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளை நகரங்களில் ஒன்று. அதற்கு முன்னால் விரிந்து கிடக்கும் ஐஸல் ஏரி, ஏரியே அல்ல, கடலாக இருந்தது. 1932-ல் 32 கிலோமீட்டர் நீள அணை கட்டிக் கடலைத் தடுத்து நன்னீராக்கிவிட்டார்கள். வெள்ள பயம் போயிற்று. ஆனால் கடல் மீன் பிடித்துப் பிழைத்த கிராமங்களின் தொழிலும் போயிற்று. அவர்களுடைய வீடுகள், வலைகள், மீனுக்குப் புகை போடும் கொட்டகைகள் எல்லாவற்றையும் ஒரு திறந்தவெளிக் காட்சிச்சாலையாக வைத்திருக்கிறார்கள். வலை காயப்போட்டிருந்த கம்பங்களைப் பார்த்தபோது எனக்குப் பழவேற்காடுதான் நினைவுக்கு வந்தது. அங்கே இன்னும் தொழில் இருக்கிறது. முகத்துவாரத்தை மணல் மூடிக்கொள்ளும்போதெல்லாம் தூர் வாரச் சொல்லி மீனவர்கள் மன்றாடிக்கொண்டிருக்கிறார்கள்.

என்க்ஹைசனிலிருந்து கோடை காலத்தில் படகு விடுகிறார்கள். ஒன்றரை மணி நேரத்தில் அக்கரையில் ஸ்டாவரன். துறைமுகத்தில் ஒரு பெண்மணியின் சிலை நிற்கிறது. அவள் கதையைக் கேளுங்கள். பெரும் பணக்கார விதவை. உலகத்திலேயே விலை உயர்ந்த பொருளைக் கொண்டு வா என்று மாலுமியை அனுப்பினாள். அவன் கப்பல் நிறையக் கோதுமை கொண்டு வந்தான். கோபத்தில் அத்தனையையும் கடலில் கொட்டச் சொன்னாள். ஒரு நாள் நீ பிச்சை எடுப்பாய் என்று எச்சரித்தவரிடம், மோதிரத்தைக் கழற்றிக் கடலில் வீசி, இது என்னிடம் திரும்பி வந்தால் பார்க்கலாம் என்றாள். சில நாளில் சமையலுக்கு வந்த மீனின் வயிற்றில் மோதிரம்! சகுந்தலைக்கு அதிர்ஷ்டம் கொண்டுவந்த மீன், இவளுக்குத் தரித்திரம் கொண்டுவந்தது. கோதுமை விழுந்த இடத்தில் மணல் திட்டு எழுந்து துறைமுகமே தூர்ந்துபோயிற்றாம். இவர் சிலையைச் சுற்றி வந்து, "பழவேற்காட்டில் யாரம்மா கோதுமை கொட்டியது?" என்றார்.

அங்கிருந்து சிறு ரயிலில் ஹிண்டலோபன். கடலோடிகளின் பழைய ஊர். அங்குள்ள காட்சிச்சாலையில் அந்த ஊர்ப் பெண்களின் நீண்ட அங்கிகளை வைத்திருக்கிறார்கள். பார்த்ததும் நின்றுவிட்டேன். வெள்ளைத் துணியில் சிவப்புக் கொடி, நீலப் பூ, பழுப்பு இலை. நம் சீட்டி! டச்சு பாஷையிலும் அதற்கு 'சிட்ஸ்' என்றுதான் பெயர். கம்பெனிக் கப்பல்களில் சோழமண்டலக் கரையிலிருந்து போன துணி. நம் கடற்கரை மணலில் விளைந்த சாயவேரின் சிவப்பு, எத்தனை தோய்த்தாலும் போகாது என்றுதான் சீமைப் பெண்கள் மயங்கினார்கள். கணவன் கடலில் போய் மாதக்கணக்கில் வராத வீடுகளில், இதைத்தான் உடுத்திக்கொண்டு காத்திருந்தார்கள். துக்கத்துக்கு நீலமும் வெள்ளையுமான சீட்டி தனியே இருந்தது.

கண்ணாடிக்குள் இருக்கும் துணியைத் தொடக் கூடாது. ஆனால் தையலை நன்றாகக் கிட்டே போய்ப் பார்க்கலாம். முன்பக்கப் பூவும் பின்பக்கப் பூவும் ஒட்டும் இடத்தில் அந்தத் தையற்காரி எவ்வளவு சிக்கனமாகத் துணியை வெட்டியிருக்கிறாள் என்பது தெரியும். நீங்கள் போனால் இரண்டு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாவரனிலிருந்து கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே கேட்டுக் குறித்து வைத்துக்கொள்வதும் நல்லது. நாங்கள் அதில்தான் திரும்பினோம். மேல்தளத்தில் காற்று பலமாக வீசும். ஒரு சால்வை போதும், இருவருக்கும்.